ஒரு பழைய சட்டையைப் பிரித்துப் பாருங்கள்!

(ஆடைத் தொழில்நுட்பவியல், மூன்றாம் ஆண்டு மாணவி)



மெக்கானிக்கல் என்றால் லேத், சிவில் என்றால் தியோடலைட், எலக்ட்ரிக்கல் என்றால் மோட்டார். எங்கள் பிரிவை மட்டும் இந்தக் கல்லூரியில் "தையல் கிளாஸ்" என்பீர்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கிண்டல் செய்கிற அதே நண்பர்கள்தான் கேண்டீன் பக்கம் தனியாக வந்து, "என் தங்கச்சிக்கு ஃபேஷன் டிசைனிங்னா உயிரு. இப்பத்தான் ஒன்பதாவது படிக்கிறா. என்ன பண்ணச் சொல்றது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லி முடியவில்லை. ஆண்டு மலரில் எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஆயிற்று என்றுதான் பேனாவை எடுத்தேன்.

ஃபேஷன் டிசைனர் என்றவுடன் நம் கண்ணுக்குத் தெரிவது என்ன? பளபளவென்று ஒரு மேடை, பூனை நடை, கடைசியில் மாலையோடு வந்து கும்பிடு போடுகிற ஒருவர். அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைப் பார்த்துத்தான் நம் தம்பி தங்கைகள் ஆசைப்படுகிறார்கள். அதற்கு முன்னால் இருக்கிற வேலை ரொம்பப் பழைய வேலை: துணி, கத்தரி, ஊசி.

1858-இல் பாரீஸில் கடை திறந்த சார்லஸ் ஃபிரெடரிக் வொர்த் என்ற ஆங்கிலேயரைத்தான் முதல் ஃபேஷன் டிசைனர் என்று எங்கள் பாடத்தில் படிக்கிறோம். அதுவரை சீமாட்டிகள் 'இப்படித் தை' என்று சொல்ல, தையற்காரர் தைத்தார். வொர்த், 'இதுதான் உடுப்பு, பிடித்தால் வாங்குங்கள்' என்று மாற்றிக் காட்டினார். அவரும் சின்ன வயதில் லண்டன் துணிக்கடையில் வேலை பார்த்துத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பழகியவர்தான்.

எனக்கு மிகப் பிடித்தவர் அலெக்சாண்டர் மெக்வீன். 1969-இல் பிறந்தவர், லண்டன் டாக்சி டிரைவரின் ஆறாவது பிள்ளை. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். லண்டனில் சவில் ரோ என்று ஒரு தெரு. கோட்டு சூட்டு தைப்பதற்குப் பேர்போனது. அங்கே தொழில் பழக ஆள் கிடைக்கவில்லை என்று டிவியில் கேள்விப்பட்டு, அவருடைய அம்மாதான் போய்க் கேட்கச் சொன்னாராம். ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் என்ற கடையில் கோட்டு தைக்கக் கற்றார். அடுத்து கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ் கடை. அப்புறம் நாடக உடை தைக்கும் கம்பெனி. அங்கே பல நூற்றாண்டுப் பழைய உடைகளின் வெட்டு முறைகள் கைக்கு வந்தன. இவ்வளவுக்கும் பிறகுதான் சென்ட்ரல் செயிண்ட் மார்ட்டின்ஸ் கல்லூரி. அங்கே அவர் போனது வெட்டுக் கலை சொல்லித்தரும் வேலை கேட்டு! வேலை இல்லை, மாணவராகச் சேர்ந்துகொள் என்றார்கள். குடும்பத்தில் ஒருவர் பணம் கொடுத்து உதவ, 1992-இல் படிப்பை முடித்தார். 1996-இல் பாரீஸின் கிவான்ஷி நிறுவனத்துக்குத் தலைமை வடிவமைப்பாளர். 2010-இல் அவர் இறந்தது வருத்தமான முடிவு.

டிகிரிக்கு முன்னாலேயே அவர் கையில் தொழில் இருந்தது. காகிதத்தில் வரைந்ததைத் துணியில் கொண்டுவர அவருக்கு இன்னொருவர் தேவைப்படவில்லை. பதினாறிலிருந்து பத்தொன்பது வரை எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு இதுவே பாதி பதில் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். டிராயிங் நோட்டு, கலர் பென்சில் எதையும் வாங்கிக் கொடுப்பதற்கு முன் உங்கள் தங்கையிடம் ஒரு பழைய சட்டையைக் கொடுங்கள். அப்பாவின் அரைக்கைச் சட்டை, காலர் நைந்துபோனது, அதுவே உத்தமம். கூடவே ஒரு பிளேடு அல்லது தையல் பிரிக்கும் ஊசி. துணி கிழியாமல், தையல் நூலை மட்டும் வெட்டி முழுச் சட்டையையும் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு மத்தியானம் ஆகும்.

பிரித்துப் பரப்பினால் என்ன கிடைக்கும்? முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று, தோள்பட்டைத் துணி உள்ளும் வெளியுமாக இரண்டு, கை இரண்டு, காலர் இரண்டு, காலரைத் தாங்கும் பட்டை இரண்டு, பாக்கெட் ஒன்று. ஆகமொத்தம் 12 துண்டு. காலருக்குள்ளே விறைப்புக்காக வைத்த கேன்வாஸ் தனி. இஸ்திரி போட்டு, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் வைத்து ஓரம் வரைந்து வெட்டினால், அதுதான் பேட்டர்ன். காசு செலவில்லாமல் முதல் பேட்டர்ன் கைக்கு வந்துவிட்டது!

இனிமேல்தான் வேடிக்கை. கைத்துண்டை எடுத்துப் பாருங்கள். மேல் விளிம்பு மலை மாதிரி வளைந்திருக்கும். ஏன்? நேராக வெட்டினால் கை, சிலுவை மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். முன்பக்கத்து ஆர்ம்ஹோல், பின்பக்கத்தைவிட ஆழமாகக் குடைந்திருக்கும். ஏன்? நாம் கையை முன்னால்தான் அதிகம் கொண்டு போகிறோம். பின்னால் துணி தாராளமாக வேண்டும். இப்படி 'ஏன்' கேட்டுக்கொண்டே போகிற பிள்ளைக்கு இந்தத் தொழில் வரும். 'எனக்கு டிரெஸ் போட்டுக்கப் பிடிக்கும்' என்பது வேறு விஷயம். அது எல்லோருக்கும்தான் பிடிக்கும்!

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தகட்டில் புனல் செய்ய, அதன் மேற்பரப்பை விரித்து வரைந்திருக்கிறீர்கள் அல்லவா? வட்டத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஓரங்களைச் சேர்த்தால் கூம்பு எழும்பும். பெண்களின் ஜாக்கெட்டில் எங்கள் டெய்லர்கள் 'டாட்' பிடிப்பது இதே கணக்குதான். தட்டையான துணியில் ஆப்பு வடிவத்தில் கொஞ்சத்தை மடித்துத் தைத்தால், அதன் முனையில் துணி குவிந்து உடம்பின் வளைவுக்கு இடம் கொடுக்கிறது. அந்த ஆப்பைத் தோளிலிருந்து பிடிக்கலாம், பக்கத்திலிருந்து பிடிக்கலாம், இடுப்பிலிருந்தும் பிடிக்கலாம். முனை மாறாதவரை அளவு மாறாது, தோற்றம் மட்டும் மாறும். நீங்கள் தகடு, நாங்கள் துணி. தகடு வளைந்தால் அப்படியே நிற்கும், துணி நிற்காது. ஆகவே எங்கள் பாடுதான் கஷ்டம் என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்!

அடுத்தது துணி. துணியை விரலால் படிக்கத் தெரியாதவர் டிசைனர் ஆக முடியாது. எங்கள் திருப்பூர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி: பனியன் கம்பெனி வெட்டுத் துண்டுகள் கிலோக் கணக்கில் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் தெரு டெய்லரிடம் கேட்டால் ஒரு பை நிறையத் தருவார். நெய்த துணியைப் பாவு வாக்கில் இழுங்கள், ஊடை வாக்கில் இழுங்கள், அப்புறம் மூலைவாட்டில் இழுங்கள். மூலைவாட்டில்தான் இழுபடும். இதைத்தான் டெய்லர்கள் 'கிராஸ்' என்கிறார்கள். கழுத்து வளைவுக்குக் கிராஸ் பட்டி வைப்பதன் ரகசியம் அதுவே. பனியன் துணி நெய்ததல்ல, பின்னியது. கண்ணி கண்ணியாக இருப்பதால் எந்தப் பக்கமும் இழுபடும். வெட்டிய ஓரம் சுருண்டுகொண்டால் அது சிங்கிள் ஜெர்சி.

இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். முதலாவது, ஐம்பது சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, துவைத்துக் காயவைத்து மறுபடி அளப்பது. 47 வந்தால் 6 சதவீதம் சுருங்கியிருக்கிறது. இதைத் தெரியாமல் வெட்டினால் முதல் துவைப்பிலேயே சட்டை தம்பிக்குப் போய்விடும். இரண்டாவது எடை. பனியன் துணிக்கு விலை பேசுவது கிலோவில், கனம் சொல்வது ஜி.எஸ்.எம்.மில். அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பது. கம்பெனியில் இதற்கென்றே வட்டமான கட்டர் உண்டு. அது இல்லாவிட்டால் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டை வெட்டி, நகைக்கடைத் தராசில் வைத்து, வந்த கிராமை நூறால் பெருக்குங்கள். 1.8 கிராம் என்றால் 180 ஜி.எஸ்.எம்.

இப்போது ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி? எங்கள் மாமா கட்டிங் மாஸ்டர். இந்தக் கணக்கை மனதிலேயே போடுவார். உடல் நீளம் 70, கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 8: கூட்டினால் 100 சென்டிமீட்டர். மார்பு அகலம் பாதி 50, தையலுக்கு 2: 52. முன்னும் பின்னும் என்பதால் 100 × 52 × 2 = 10,400 சதுர சென்டிமீட்டர், அதாவது 1.04 சதுர மீட்டர். 180-ஆல் பெருக்கினால் 187 கிராம். வெட்டில் வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 206 கிராம். நீங்கள் கையை ஒரு அங்குலம் நீட்டி வரைந்தால் இந்த எண் ஏறும். பத்தாயிரம் உருப்படி ஆர்டர் என்றால் ஒரு கோடு எத்தனை கிலோ என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோடு மட்டுமல்ல, நிறமும் அப்படித்தான். இதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். பருத்தியில் சாயம் ஏற வேண்டுமென்றால் சாயத் தொட்டியில் உப்பு போட வேண்டும். நிறம் அடர்த்தியாக ஆக உப்பும் அதிகம். அந்த உப்புத் தண்ணீர் ஒரு காலத்தில் நொய்யல் ஆற்றில்தான் போனது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவுதான் தேங்கியது. எங்கள் தாத்தாவின் காடு அதற்குக் கீழ்ப்புறம். கிணற்றுத் தண்ணீர் மாடு குடிக்காத நிலைக்கு வந்தபின் விவசாயம் நின்று, வீட்டுப் பெண்கள் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். அம்மா செக்கிங் வேலைக்குச் சேர்ந்தது அப்படித்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் ஓட்டலாம் என்ற நிலை வந்தது. அந்தச் சுத்திகரிப்புச் செலவு இன்று ஒவ்வொரு கிலோ துணியின் விலையிலும் இருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவில் கறுப்பு எடுக்க ஒரு நொடி போதும். வரைகிற பிள்ளைக்கு அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பதினைந்து வயதிலேயே தெரிந்தால் நல்லது. நான் வகுப்பில் கேட்டதைவிட இதை வீட்டுத் திண்ணையில் கேட்டதுதான் அதிகம்.

வரையத் தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் ரவி வர்மாவாக வேண்டியதில்லை. நிஜ மனிதனின் உயரம் சுமார் ஏழரைத் தலை. ஃபேஷன் படத்தில் ஒன்பது, பத்துத் தலை வரை நீட்டுவார்கள். முகம் அழகாக வராவிட்டால் போகட்டும், முட்டையாக விட்டுவிடுங்கள். தையல் எங்கே வருகிறது, ஜிப் எந்தப் பக்கம், மடிப்பு எத்தனை என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். தினமும் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ஒருவர் உடையை வரைந்து பழகினால் போதும். (முறைத்துப் பார்த்து வரையாதீர்கள், அடி விழும்!) திரைப்பட உடைக்காக 1983-இல் ஆஸ்கார் வாங்கிய பானு அதய்யா, கோலாப்பூரில் பிறந்து, பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்து, பத்திரிகைக்கு உடைப் படம் வரைந்துதான் தொழிலைத் தொடங்கினார். ஆஸ்கார் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். ஆக, கத்தரி வழியாகவும் வரலாம், பென்சில் வழியாகவும் வரலாம். வசதியில்லாத வீட்டுக்குக் கத்தரி வழி செலவு குறைவு என்பது என் சொந்த அபிப்பிராயம்.

சரி, எங்கே படிப்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆறு மாதத்தில் ஃபேஷன் டிசைனர், ஒரு வருடத்தில் ஃபேஷன் டிசைனர் என்று மாடியில் போர்டு தொங்கும் இடங்கள் ஊருக்கு ஊர் உண்டு. எங்கள் தெரு அக்கா ஒருவர் நகையை அடகு வைத்து அப்படி ஓரிடத்தில் சேர்ந்தார். கடைசியில் கிடைத்தது ஃபிரேம் போட்ட சர்டிபிகேட்டும் ஒரு குரூப் போட்டோவும். கம்பெனியில் கேட்ட முதல் கேள்வி "பேட்டர்ன் போடத் தெரியுமா?" என்பது. பணம் கட்டும் முன் மூன்று விஷயம் விசாரியுங்கள்: யார் அங்கீகாரம், ஆளுக்கு ஒரு மிஷின் உண்டா, போன வருடம் படித்தவர்கள் இப்போது எங்கே.

மத்திய ஜவுளி அமைச்சகத்தின் நிஃப்ட் 1986-இல் டெல்லியில் தொடங்கியது. சென்னை தரமணியில் 1995-இல் வந்தது. நான்கு வருட பி.டெஸ். படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு. படைப்புத் திறன் தேர்வுக்கு 50 சதவீதம், பொதுத் திறன் தேர்வுக்கு 30, சிச்சுவேஷன் டெஸ்டுக்கு 20. கடைசியில் சொன்னதில் கம்பி, காகிதம், துணி, நூல் மாதிரி பொருட்களைக் கொடுத்து, சொன்ன தலைப்பில் ஒரு உருவம் செய்யச் சொல்வார்கள். கோயில் திருவிழாவுக்கு ஜோடனை செய்த கை இதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். என்னைப் போல் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு உண்மையான மதில் அதுதான். ஒன்பதாவதிலிருந்தே தினம் ஒரு பக்கம் இங்கிலீஷ் பேப்பர் படிக்கச் சொல்லுங்கள், டிராயிங்கைவிட இது அவசரம்.

நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி: அங்கீகாரம் பெற்ற நம்முடைய மூன்று வருட டிப்ளமோவும் நிஃப்ட் நுழைவுத் தேர்வுக்குத் தகுதிதான். துறை சார்ந்த டிப்ளமோ முடித்தவர்கள் மூன்றாம் செமஸ்டரில் சேரவும் தனியாக வழி வைத்திருக்கிறார்கள். கட்டணம்தான் கண்ணைக் கட்டுகிறது. நான்கு வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டண உதவி உண்டு, கேட்டு வாங்க வேண்டும். இன்னொரு வழி, காரைக்குடியிலிருந்து நடத்தப்படும் நேரடி இரண்டாம் ஆண்டு கவுன்சலிங். டெக்ஸ்டைல் அல்லது ஃபேஷன் டெக்னாலஜி பி.டெக். எடுக்கலாம். இதில் துணி, மிஷின், தரம் பற்றிப் படிப்பு அதிகம், டிசைன் குறைவு. மூன்றாவது வழி நேராக வேலைக்குப் போவது. சாம்பிள் பிரிவு கிடைத்தால் விடாதீர்கள். பையர் அனுப்பும் படம் முதல் முறை துணியாவது அங்கேதான். நம் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் டிசைனர் நாற்காலிகள் கொஞ்சம்தான், பெரும்பாலும் மெர்ச்சண்டைசர் வேலைதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் சம்மதம் வாங்குவது நுழைவுத் தேர்வைவிடக் கடினம். பத்தாவது முடித்து இந்தப் பிரிவை எடுத்தபோது எங்கள் வீட்டில் நடந்த பேச்சு இது:

"ஏங்கண்ணு, நாந்தான் பனியனுக்குப் பிசிறு வெட்டி வெட்டிச் சாகறேன். நீயுமா இந்தத் தொழிலுக்கு வரணும்? டீச்சருக்குப் படிக்கலாமில்ல?"

"தைக்கறதுக்கு இல்லீங்கம்மா. எப்படித் தைக்கணும்னு சொல்றதுக்குப் படிக்கறது."

"அதைச் சொல்றதுக்கு மூணு வருசமா?"

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவர் யாரும் இல்லை. படிப்பு என்றால் அந்தத் தொழிலை விட்டு வெளியே போவது என்றுதான் அம்மா நினைத்திருந்தார்கள். அதே தொழிலுக்குள்ளேயே வேறு வாசல் வழியாகப் போகலாம் என்பதை என்னால் வார்த்தையில் விளக்க முடியவில்லை. இரண்டாம் வருடம் அவர்கள் அளவுக்கு ஒரு ஜாக்கெட் பேட்டர்ன் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். நாள் முழுக்கக் குனிந்து செக்கிங் பார்ப்பதால் அம்மாவுக்குத் தோள் முன்னால் வளைந்துவிட்டது. கடை ஜாக்கெட் முதுகில் இழுக்கும். அந்த வளைவை அளந்து, பின்பக்கத்தில் கூட்டி, முன்பக்கத்தில் குறைத்து வெட்டினேன். போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பார்த்தார்கள், இறக்கிப் பார்த்தார்கள். "இழுக்கலையே" என்றார்கள். அதன் பிறகு டீச்சர் பேச்சு வரவில்லை. அடுத்த ஞாயிறு கம்பெனித் தோழிகள் நான்கு பேர் அளவு கொடுக்க வந்துவிட்டார்கள்.

செலவு விவரம் கேட்பவர்களுக்காக: இஞ்ச் டேப், எட்டங்குலக் கத்தரி, சாக்பீஸ், ஒரு நீள ஸ்கேல், தையல் பிரிக்கும் ஊசி, பழைய பேப்பர் கட்டு. இவ்வளவுதான் ஆரம்பத்துக்கு. மிதி மிஷின் வீட்டில் இல்லாவிட்டால் தெரிந்த டெய்லரிடம் சாயங்காலம் பட்டன் கட்டிக் கொடுத்துப் பழகலாம். துணி வெட்டும் கத்தரியில் காகிதம் வெட்டக் கூடாது, முனை மழுங்கும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள், கேட்க மாட்டார்கள், ஒளித்துவையுங்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. என் கத்தரியும் பிரெஞ்ச் கர்வும் அதில் வாங்கியவைதான்.

நான் இந்த வருடம் நிஃப்ட் தேர்வு, காரைக்குடி கவுன்சலிங் இரண்டுக்கும் விண்ணப்பிக்கிறேன். எது கிடைக்கிறதோ, எதற்குப் பணம் புரள்கிறதோ, தெரியாது. மே மாதம் வரை லேப்பில்தான் இருப்பேன். பிரித்துப் போட்ட மூன்று சட்டைகளின் பேட்டர்னும் கைப்பிரதி நோட்டும் அங்கே கடைசி மேஜை டிராயரில் இருக்கின்றன. தங்கையோ தம்பியோ ஊரிலிருந்து வந்தால் சனிக்கிழமை மத்தியானம் அழைத்து வாருங்கள். வரும்போது ஒரு பழைய சட்டை கொண்டுவரச் சொல்லுங்கள்.